ஆரூரன் வருவான் என்று சொல்லிவிட்டேன்

கெல்சென்கிர்ச்சன்,
கார்த்திகை மாதம்

அன்பு மகள் சுஜானிக்கு அம்மா எழுதுவது. மெல்பேர்ணில் நீயும் மருமகனும் சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் நித்தமும் கும்பிடுகிறேன். இங்கே நான் இருக்கிறேன், அவ்வளவுதான். உன் அண்ணன் ஆரூரன் நெஞ்சுநோவில் போய், செத்த வீட்டுத் துடக்குக் கழிந்தும் கோயில் பக்கம் போக மனம் வரவில்லை. போனில் கதைத்தால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், அதனால்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் விளங்கி வாசி.

அண்ணன் உனக்கு விட்டுப்போன கொம்பனியை விற்க மார்கழி நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் கையெழுத்து வைக்கப்போகிறேன் என்றாய். அண்ணையே இல்லை, இனி எனக்கேன் அம்மா அந்த இரும்பு என்று கேட்டாய், நானும் ஓம் வித்துப்போடு பிள்ளை என்றுதான் சொன்னேன். அது தொடங்கின கதை உனக்கு முழுக்கத் தெரியாது. வேல்ஸில் மலையடியில் ஒரு கராஜில் ஆரூரன் வேலைக்கு நின்றபோது ஆடு வளர்க்கிற கிழவன் ஒருவன் பழைய ஜீப்போடு வந்தானாம், கூரையில் கட்டுகிற வைக்கோல் சேற்றுப் பாதையில் சரிந்து சரிந்து விழுகிறது என்று திட்டினானாம். இவன் மிஞ்சின குழாய்களை வெட்டி ஒட்டி ஒரு தட்டுச் செய்து கூரையில் பூட்டிக் கொடுத்தான். அதைப் பார்த்து மற்றவன் வந்தான், அவனைப் பார்த்து இன்னொருவன். பிறகு பின்கதவுக்கு ஏணி, ஆற்றுக்குள் இறங்கினாலும் எஞ்சினுக்கு மூச்சு முட்டாமல் மேலிருந்து காற்றை இழுத்து விடுகிற குழாய் என்று பெருகி, கராஜில் கூட வேலை செய்த கொலினைக் கூட்டுச் சேர்த்துப் பட்டறை போட்டான். தன் பேர் வெள்ளைக்காரருக்கு வாயில் வராது என்று உன் பேரை வைத்தான். இரும்புக்கடைக்கோ என்ர பேர், வேற பேர் கிடைக்கேல்லையோ என்று நீ சண்டை பிடித்தாய். நீயும் வளையாத ஆள்தானே என்று அவன் சிரித்தான்.

ஜேர்மன்காரர் கேட்கிற சாமானை அவன் தபாலில் அனுப்புவதில்லை. என்னைப் பார்க்க வரும்போது வான் வண்டியில் ஏற்றி வந்து, கீழே கார் விடுகிற இடத்தில் வைத்துத் தன் கையாலேயே பூட்டிக் கொடுப்பான், நான் வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுப்பேன். போன சனிக்கிழமை பெல் அடித்தது. போன வருடம் ஏணி பூட்டின தாடிக்காரர், கூரைத்தட்டுக்குச் சொல்லி வைத்திருந்தாராம், மகளை நோர்வேக்குக் கூட்டிப்போகவாம். ஆரூரன் எங்கே என்று கேட்டார். செத்துப்போனான் என்பதற்கு ஜேர்மன் சொல் எனக்குத் தெரியும், தெருவில் புறா செத்துக் கிடந்தாலும் அதைத்தான் சொல்கிறார்கள். என் பிள்ளைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. வருவான், மாசியில் கொண்டுவருவான் என்று சொல்லிவிட்டேன். அவர் சந்தோசமாய்ப் போனார். சொன்ன அந்தக் கொஞ்ச நேரம் நானும் நம்பினேன் பிள்ளை. கதவைச் சாத்தின பிறகுதான் நிலத்தில் குந்தி இருந்து அழுதேன்.

வாங்குகிறவர்கள் பட்டறையை மூடிவிடுவார்களாம், கொலின் சொன்னான். அந்தத் தட்டைச் செய்து முடிக்குமட்டும் கையெழுத்து வையாதே, பிறகு உன் விருப்பம். மாசியில் கொலின் அதைக் கொண்டுவரட்டும், நீயும் வந்து என் பக்கத்தில் நில். அந்த மனிதருக்கு நானே சொல்ல வேண்டும், பெற்றவள் நான்.

சின்னவளை வெயிலுக்குள் தொப்பி இல்லாமல் விடாதே. டிக்கெட் போட்டதும் சொல்லு. நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். முந்தி இரண்டு பேருக்குமாய்க் கேட்டேன்.

உன் வரவு பார்த்திருக்கும் அம்மா,
சரளா