மாடுகளுக்குப் பின்னால் மாமியார் வீட்டுக்கு

மார்ச் 9
இரண்டு மாட்டில் ஒன்று நிறைசினை, கறவை இல்லை. மற்றது இன்று ஒன்றரை லிட்டர். சொசைட்டியில் பால் அளப்பவர் கருவியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, தண்ணி கலந்தீங்களா?" என்றார். தண்ணீர் இருந்தால் மாட்டுக்கல்லவா காட்டியிருப்பேன்! பச்சைப்புல்லே காணாத மாட்டின் பால் இப்படித்தான் நீர்த்துப்போகும். சொல்லியிருக்கலாம். அசடு வழியச் சிரித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 17
போர்வெல்லில் காற்றுதான் வருகிறது. வைக்கோலும் தீரப்போகிறது. "எங்கண்ணன் கிணத்துல தண்ணி இருக்கு, மாடுகள அங்க ஓட்டிடலாம்னு எத்தன தடவ சொல்றது?" என்றாள் மனைவி. அந்த அண்ணன், அதாவது என் மச்சான், எனக்கு மாடு வளர்க்கத் தெரியாது என்று நாலு பேர் முன்னால் சொன்னவன். அன்றிலிருந்து அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சபதம்.
"எனக்கு ரோஷம் இருக்கு" என்றேன்.
"மாட்டுக்கு இல்லையே" என்றாள்.

மார்ச் 18
ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். சினைமாடு நாலடிக்கு ஒருமுறை நின்றது. நான் தெருமுனை வரைக்கும் போனேன். ரோஷத்தின் எல்லை அதுவரைதான்.

மார்ச் 25
காலித் தொழுவத்தைக் கூட்டிப் பெருக்கினேன். யாருக்காக?

ஏப்ரல் 2
மனைவி போனில் அழுதாள். "சினைமாடு படுத்துடுச்சுங்க. கன்னு வெளிய வரல. வாங்க."
சபதம் வழியில் எங்கே விழுந்ததோ, தெரியாது. செருப்புக்கூடக் கழற்றாமல் நேரே தொழுவத்துக்குள் போய் நின்றேன். மச்சான் மாட்டின் தலையை மடியில் வைத்திருந்தார். "வயித்துலயே போயிடுச்சு போல மாப்ள. தாயையாவது காப்பாத்துவோம்."
இருவரும் சேர்ந்து இழுத்தோம். எலும்பும் தோலுமாக வந்தது கன்று. ஐயோ, எத்தன வாரமா பட்டினி போட்டேன்... முன்னாடியே ஓட்டிட்டு வந்திருந்தா? பெரிய ரோஷக்காரன்!
மச்சான் தன் துண்டை எடுத்துக் கன்றை மூடினார். பழையபடி குறை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஏப்ரல் 4
ஆளுக்கொரு பக்கம் தாங்கி மாட்டை எழுப்பினோம். அது நின்றது. நான்தான் விழுந்தேன்.

ஏப்ரல் 20
வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்டேன். மாடுகளுக்குத் துணை என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். மாமியார் என்னைப் பார்த்ததும் கேட்பது: "மாடு சாப்டுச்சா?" நான் சாப்பிட்டேனா என்பது அப்புறம்தான்.

ஜூன் 11
நேற்று முழுக்க மழை. மச்சான் கயிறு திரித்தபடி, "உங்க பக்கமும் நல்ல மழையாம். கெளம்பிடுவீங்களா மாப்ள?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.
புல் தலையெடுக்க நாளாகும், கறவையும் தேறவேண்டும், அவசரப்படக் கூடாது என்று நீட்டி முழக்கினேன்.
"ஆமாமா, நாளாகும்" என்றார், நான் முடிப்பதற்குள்.