வேலி போடாத ஐம்பத்திரண்டு

ஓம் அப்பா, நீங்கள் தொலைபேசியில் கேட்டதற்குப் பதில்: தனியத்தான் விளையாடினேன். நால்வருக்கான விளையாட்டுப் பெட்டிதான், ஒருவர் மட்டும் விளையாடவும் விதி உண்டு. உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? அம்மா நலமா? நான் நலம். இந்தப் பேர்கன் நகரத்தில் மழைதான் ஓயவில்லை.

விளையாட்டு இதுதான்: அட்டையில் உழுது, விதைத்து, ஆடுமாடு வளர்த்துப் புள்ளி சேர்க்க வேண்டும். முதல் பதினொரு தடவையும் கிடைத்த மரத்தையெல்லாம் வயல் வேலிக்கே கொடுத்தேன். கனகராயன்குளத்தில் பிறந்தவள் வேறென்ன செய்வாள்? புள்ளி முப்பதைத் தாண்டவில்லை. பிறகுதான் விதிப்புத்தகத்தை முழுதாக வாசித்தேன். வயலை மிதிக்க வரும் யானை என்ற சொல்லே அதில் இல்லை. வேலி போடாமல் விதைத்தேன். ஐம்பத்திரண்டு புள்ளி!

அதைச் சொல்லத்தான் அழைத்தேன். நீங்களோ, "எடி பிள்ளை, வெறும் வெளியிலயோ விதைச்சனி? யானை என்ன, பாத்துக்கொண்டு நிண்டதோ?" என்று ஏசிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் யானையை விரட்ட வெடி போடும்போது அந்தச் சத்தத்தைப் பதிந்து அனுப்பும்படி தங்கச்சி கஜனியிடம் சொல்லுங்கள். இந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்சம் மோர்மிளகாயும் வேண்டும். தபாற்கந்தோரைப் பூட்டப்போகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
சாரங்கா

பி.கு.: நான் போவதற்குள் பூட்டிவிட்டார்கள். திரும்பி வந்து, உங்களுக்காக நாலு பக்கமும் வேலி போட்டு ஒரு தடவை விளையாடினேன். இருபத்தொன்பது புள்ளி. ஒரு யானையும் வரவில்லை.