ஒரு சுற்று குறைத்த ஸ்பிரிங்

இன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் பராமரிப்புக் கொட்டகைப் பக்கமாக நடந்துவிட்டேன். வழக்கமாக அந்தப் பக்கம் போகமாட்டேன், சுற்றிக்கொண்டுதான் கேன்டீனுக்குப் போவேன். யாரோ கட்டிங் வீல் வைத்து ஒரு பழைய ஸ்பிரிங்கை அறுத்துக்கொண்டிருந்தார்கள். எஃகும் கல்லும் சேர்ந்து கருகுகிற அந்த வாசனை இருக்கிறதே, அது மூக்கில் ஏறியதும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வைத்துவிட்டேன். "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்று பக்கத்து மிஷின் பெண் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். என்ன சொல்வது அவளிடம்? என் புருஷன் ஞாபகம் வந்துவிட்டது, அதனால் எரிச்சலாக இருக்கிறது என்றா?

ஆமாம், எரிச்சல்தான். செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். நான் பேசமாட்டேன். உன் அம்மா முன்னால் 'நீங்க', நம் அறைக்குள் 'நீ' என்று உன்னைக் கூப்பிட்டவள் நான். இது அறைக்குள் பேசுகிற பேச்சு என்று வைத்துக்கொள்.

நம் ஊர் மண்ணூரில் இன்றைக்கும் எல்லோரும் சொல்வது, நீ வேகமாக ஓட்டிச் செத்தாய் என்பது. போலீஸ் எழுதியதும் அதுதான். நீயா வேகம்! உன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து மணிமங்கலம் கோயிலுக்குப் போகும்போது, பிதுங்கப் பிதுங்க ஆள் ஏற்றிய ஷேர் ஆட்டோகூட நம்மைத் தாண்டிப் போகும். அதிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்து எனக்கு டாட்டா காட்டும். "கொஞ்சம் முறுக்குனா என்ன, வண்டி கோவிச்சுக்கிடுமோ?" என்பேன். "இன்னா அவசரம் உனுக்கு, சாமி எந்திரிச்சி எங்கனா போவப் போவுதா?" என்பாய். அந்த ஆளை வேகத்தில் போனான் என்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாம் பழகியதே ஸ்பிரிங்கில்தான். ஒரகடத்தில் ஆலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து டிப்ளமோ சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வந்து, படப்பையில் ஒரு அறையில் ஐந்தாறு பெண்களோடு அடைந்து கிடந்தேன். கார்களுக்குச் சுருள் ஸ்பிரிங் செய்கிற கம்பெனியில் வேலை. ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் மிஷினில் நிறுத்தி அழுத்தி, அது எவ்வளவு இறங்க எவ்வளவு பாரம் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்குக்குத்தான் ரேட் என்று பெயர். ரேட் கூடினால் ஸ்பிரிங் விறைப்பு, குறைந்தால் இளக்கம். நீ அங்கே பராமரிப்பில் ஒப்பந்த ஆள். என் மிஷின் மட்டும் அடிக்கடி பழுதாகும். அது தானாகத்தான் பழுதானதா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

அடுத்த வருடம் நிரந்தரம், அடுத்த வருடம் நிரந்தரம் என்று சொல்லிச் சொல்லியே உன்னை ஓட்டினார்கள். அத்தனை காலம் அங்கே உழைத்தும் உன் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. "ஏய், மெயின்டனன்ஸ்" என்று கூப்பிடுவார்கள், நீயும் திரும்புவாய். எனக்கு அவமானமாக இருக்கும். உனக்கு இல்லை என்று அப்போது நினைத்தேன். உனக்கும் இருந்திருக்கிறது, எனக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான், பிறகு நீ 'சார், சார்' என்று உருகிய அந்த மனிதர் உன்னை அப்படிச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்ள முடிந்தது. சென்னையில் பெரிய இடம். பழைய கார்கள் மேல் பைத்தியம். படப்பை சாலையில் ஒரு ஷெட் போட்டு, அதில் அறுபதுகளில் வெளிநாட்டில் செய்த, கூரையில்லாத, இரண்டே பேர் உட்காருகிற ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருந்தார். அதன் இரும்பு எஞ்சின் வெடித்துப்போய், திரும்பச் சரிசெய்ய வழியில்லை. அதில் புது அலுமினிய எஞ்சினை மாட்ட ஆள் தேடினார். நீ போனாய். முதல் நாளே உன் தோளில் கைபோட்டு, "வாங்க இன்ஜினியர்" என்றாராம். வீட்டுக்கு வந்து அதை எத்தனை தடவை சொன்னாய்! கார் நல்லபடியாக ஓடினால் அந்த ஷெட்டையே பெரிய வொர்க்‌ஷாப் ஆக்கப் போவதாகவும், போர்டில் உன் பெயரைப் போடப் போவதாகவும் சொன்னாராம். மறுமாதம் கம்பெனி வேலையை விட்டாய்.

வேலையில் உன்னைக் குறை சொல்லமாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் மூக்கு தூக்கிக்கொண்டது. பழைய கனத்த எஞ்சினைத் தாங்கச் செய்த முன் ஸ்பிரிங்குகள் மேல் இப்போது பாதி பாரம்கூட இல்லாதது மாதிரி, வண்டி பின்பாரம் ஏற்றிய மாட்டுவண்டியாக வானத்தைப் பார்த்து நின்றது. இளக்கமான புது ஸ்பிரிங் வேண்டும். எவ்வளவு இளக்கம்? அதற்கு முன்பக்கம் என்ன எடை என்று தெரிய வேண்டும். அப்போது ஒரு யோசனை சொன்னாய் பார், அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரித்த கையோடு அழுகையும் வருகிறது.

ஒரகடம் சாலையில் லாரிகளுக்கு எடை போடுகிற எடைமேடைக்கு அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போனோம். இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர்களுக்கு நடுவில் நாம் வரிசையில் நின்றோம். ஓட்டுநர்களெல்லாம் இறங்கி வந்து சுற்றிலும் நின்றுகொண்டார்கள். "இன்னாபா, பொம்மக் காருக்கெல்லாம் எடை போட வந்துட்ட?" என்றார் ஒருவர். முன்சக்கரம் மட்டும் மேடையில் ஏறினால் முன்பக்க எடை, முழுவதும் ஏறினால் மொத்த எடை. ஓட்டுகிறவரும் பக்கத்தில் ஒரு ஆளும் உட்கார்ந்த கணக்கும் வேண்டும் என்றாய். சார் வரமாட்டார், அதனால் நீயும் நானும். எடை போடுகிற பையன் கண்ணாடிக்குள்ளிருந்து, "அக்காவையும் சேத்து சீட்டு குடுக்கவா, தனியா குடுக்கவா?" என்று மைக்கில் கேட்டான். மொத்தக் கூட்டமும் சிரித்தது. நீதான் அதிகமாகச் சிரித்தாய். உன்னைக் கிள்ளினேன்.

கம்பி எவ்வளவு தடிமன், சுருளின் அகலம் என்ன, எத்தனை சுற்று என்று இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சண்டையும் போட்டோம். இன்னும் இளக்கலாம் என்றேன், பள்ளத்தில் இடிக்கும் என்றாய், கடைசியில் நீ சொன்னதுதான் சரி. திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் சுருட்டி வாங்கி மாட்டினாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்து வேகத்தடையில் ஏற்றி இறக்கினாய். குலுங்கவே இல்லை. "எப்டி கீது?" என்றாய். "ஏறுனதே தெரியலையே!" என்றேன். உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே அப்போது. நம் கல்யாணத்தன்றுகூட நீ அப்படி இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். சார் வந்தார். சக்கரத்துக்கும் மேலே இருக்கிற தகட்டுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தார். "கேப் ஜாஸ்தியா இருக்கேப்பா. போட்டோல நல்லா இருக்காது. இன்னும் கொஞ்சம் கீழ எறக்கித் தாங்க இன்ஜினியர்" என்றார். வருகிற ஞாயிறு சென்னையில் பழைய கார்களின் கண்காட்சி. வேறு ஸ்பிரிங் சுருட்டி வாங்க நாள் இல்லை.

நீ என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியாதா? "ஸ்பிரிங்க வெட்றவன்லாம் மெக்கானிக்கே கெடையாது" என்று டீக்கடையில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நீ. ஒரு சுற்றை அறுத்தால் உயரம் குறையும், கூடவே ஸ்பிரிங் விறைக்கும். இளக்கம் தேடித்தானே இத்தனை பாடும் பட்டோம். அது மட்டுமா, பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது நீளம் போதாமல் ஸ்பிரிங் தன் இடத்தை விட்டே நழுவும். இதெல்லாம் நான் புதிதாகச் சொல்லவில்லை. நீ எனக்குச் சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமை டீ இடைவேளையில் போன் செய்தாய். குரலிலேயே தெரிந்தது.

"ஒரு சுத்து எடுத்துட்டேன்."

"எதுல?"

"முன்னாடி ரெண்டுலயும்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதானே?"

"ஒரு நாள் ஷோதாம்மா. அப்பால புச்சா சுத்தி மாட்டிக்கலாம். அவரு எவ்ளோ ஆசையா கேக்குறாரு தெரியுமா?"

"ஆசையா கேட்டா கழுத்தையும் அறுத்துக் குடுப்பியோ?"

லைனுக்குத் திரும்பச் சொல்லி மணி அடித்தது. வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் சண்டைதான். உண்மையைச் சொன்னால் அந்தச் சண்டை போட்டதில் எனக்கு வருத்தமில்லை. இன்னும் பலமாகப் போட்டிருந்தாலும் நீ கேட்டிருக்கமாட்டாய்.

சனிக்கிழமை காலையில் ஓட்டிப் பார்க்க வாலாஜாபாத் சாலைக்குக் கொண்டுபோனாய். ஒரு சிறு பாலத்தருகே சாலை தாழ்ந்து எழும்பும் இடம். எதிரில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் பிறகு என்னிடம் சொன்னார், "ஸ்பீடுலாம் இல்லம்மா. முன் வீலு துள்ளிச்சி. அவரு ஸ்டேரிங்க ஒடிச்சாரு, வண்டி கேக்கல. நேரா போயி லாரி பின்னாடி வுட்டுச்சி." ஓரமாக நின்றிருந்த டிரெய்லர். கூரையில்லாத கார். அதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

ஸ்டேஷன் வாசலில் அந்தக் காரை இழுத்துப் போட்டிருந்தார்கள். கிட்டே போய் நசுங்கிய சக்கரத்துக்குள் கையை விட்டேன். ஸ்பிரிங் தன் இடத்தில் இல்லை, சாய்ந்து கிடந்தது. வெட்டிய முனை விரலில் தட்டியது. ராவிக்கூட மழுக்காமல் விட்டிருந்தாய், அவ்வளவு அவசரம். உள்ளே போய் இன்ஸ்பெக்டரிடம், "வேகம் இல்ல சார், ஸ்பிரிங்க வெட்டியிருக்கு, அதான்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா வெட்டினது?" என்றார்.

சார் அங்கேதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது, நடிப்பு என்று சொல்லமாட்டேன். "நான் எறக்கித் தாங்கன்னு மட்டும்தான் சொன்னேன் மேடம். வெட்டுன்னு சொல்லலையே. டெக்னிக்கலா எனக்கு என்ன தெரியும்? அவர்தானே எக்ஸ்பர்ட்" என்றார். பொய் என்று ஒரு வார்த்தையைக் காட்ட முடியுமா அதில்? முடியாது. அவர் உயரத்தைக் குறைக்கச் சொன்னார். அதற்கு என்ன விலை என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான், நீ வாயைத் திறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்டார். உன்னைக் காப்பாற்ற நினைத்தால் உன்னையே காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தெரிந்தே வெட்டினான், தெரிந்தே ஓட்டினான் என்று என் வாயால் சொல்ல வேண்டும். "தெரியாது சார்" என்றேன். அவர் அதிவேகம் என்று எழுதி முடித்தார். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அந்தக் கார் இப்போது ஓடுகிறதாம். வேறு யாரோ சரிசெய்துகொடுத்துவிட்டார்களாம். ஷெட்டில் இன்னும் போர்டு இல்லை.

நான் அதே மிஷினில்தான் இருக்கிறேன். மாதக் கடைசியில் சூப்பர்வைசர் வந்து, "இந்த ஒரு லாட் மட்டும் பாஸ் பண்ணி வுடும்மா, அனுப்பணும்" என்று கெஞ்சுவார். நல்ல மனிதர்தான், தன் மகள் கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தவர். முடியாது சார் என்பேன். முறைப்பார், நானும் முறைப்பேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்குப் பட்டப்பெயர்கூட உண்டு. உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் என்று ஏதாவது இருந்தால் இதுதான், நீ சொல்லாமல் விட்டதை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் உன் அம்மாவை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. சாயங்காலமானால் வாசலில் வந்து நின்றுகொள்கிறார். தெருவில் எந்தப் பையன் பைக்கை முறுக்கினாலும் குறுக்கே போய் மறிக்கிறார். "டேய், மெல்லப் போடா. எம்புள்ள இப்டித்தான் வேகமாப் போயி பூட்டான். உங்காத்தாளும் என்ன மாரி நிக்கணுமா?" என்கிறார். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகப் போகிறார்கள். உள்ளே வந்ததும் என்னைக் கேட்பார், "ஏம்மா, அவன் உன்ன வச்சிகினு போவும்போதும் இப்டித்தான் ஓட்டுவானா?" என்று.

அவன் தன் வாழ்நாளில் வேகமாகப் போனதே இல்லை அத்தை என்று சொல்ல வாய் வரை வருகிறது. சொன்னால் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். "பின்ன எப்டி செத்தான்?" என்பார். அதற்கும் பதில் சொன்னால், "அவ்ளோ தெரிஞ்சவன், தெரிஞ்சேவா வெட்னான்?" என்பார். அந்தக் கேள்விக்கு உன் அம்மா முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல நீ இல்லை. "ஆமா அத்தை, எப்பவும் வேகந்தான்" என்று சொல்லிவிட்டு, அவருக்குக் காப்பி போட உள்ளே போகிறேன்.