யார் மேலும் ஆசையில்லாதவர்

என்னங்க,

நீங்கள் வாங்கிய கையோடு இழுத்து மூடிய நூற்பாலையில்தான் என் தம்பி வேலை பார்த்தான். நேற்று உங்கள் காரை மறித்து, "மாமா, எனக்கு வேணாம், மத்தவங்களுக்காவது ஒரு வழி பண்ணுங்க" என்று கெஞ்சியிருக்கிறான். நீங்களோ காவலாளியிடம், "யாருய்யா இவன்? தள்ளி நிக்கச் சொல்லு" என்றீர்களாம். சொந்த மச்சானை!

இன்று 'முதலீட்டுப் புலி'யைப் பற்றி எழுத ஒரு பத்திரிகைக்காரி வீட்டுக்கு வந்தாள். "இவ்வளவு சொத்து இருந்தும் சார் பழைய செருப்புதான் போடுறாராமே, என்ன எளிமை!" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எளிமை இல்லம்மா. அவருக்குப் பணத்தைத் தவிர எது மேலயும், யார் மேலயும் ஆசை கிடையாது. எழுதிக்கோ" என்றேன். எழுதிக்கொண்டாள்.

நான் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். முதலில் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். என்னைக் கூப்பிடுவதெல்லாம் அப்புறம்.

இதுவரை உங்கள்
மனைவி