டில்லி பாதுஷாவின் தொண்டைத் தண்ணீர்

ராயபுரம்
21-5-1957

அறிவுக் கொழுந்து, கிண்டிச் சுல்தான், என் தங்கை மகன் ஹபீபுல்லாவுக்கு மாமு கலீலுல்லாவின் ஸலாம்.

இப்போது நான் எழுதப்போவதை நீ மட்டுமல்ல, ராயபுரத்தில் ஒரு காக்காய்கூட நம்பாது என்று சத்தியம் செய்துவிட்டே ஆரம்பிக்கிறேன். போன வாரம் சிங்கப்பூர்க் கப்பலுக்கு ஆட்டுக்கறியும் வெங்காயமும் ஏற்றப் போனேன். கப்பலே தும்முகிறது! கேப்டன் போட்ட தும்மலில் என் வெங்காய மூட்டைகள் பறந்துபோய்க் காசிமேட்டில் விழுந்தன. அடுத்த தும்மலில் கப்பல் தானாக வந்து கரையில் ஒட்டிக்கொண்டது. இழுவைப் படகுக்காரர்கள் பிழைப்பு போச்சென்று அழுதார்கள்.

நேற்று முதல் எனக்கும் காய்ச்சல். என் நெற்றியில் மகள் ஜெரினா இரண்டு தோசை வார்த்தெடுத்தாள். அப்படியும் வேலைக்குப் போனால், அங்கே உன் கிருமி ஆராய்ச்சி ஆபீஸ் ஆள் ஒருவன் காய்ச்சல்காரர்களைக் கொப்பளித்து பாட்டிலில் துப்பச் சொல்கிறான். பெயர் கேட்டான். "டில்லி பாதுஷா" என்றேன். அந்த அப்பாவி அப்படியே எழுதி ஒட்டிக்கொண்டான். முட்டைக்கு ஊசி போடுகிற ஆபீசில் வேறெப்படிப்பட்டவன் இருப்பான்?

ஞாயிற்றுக்கிழமை ஜெரினாவின் நிக்காஹ். மாப்பிள்ளை புதனன்று பினாங்குக் கப்பல் ஏறுகிறார். தேதியை நகர்த்த வழியில்லை. விருந்தில் என் சஹனில் உனக்கு இடம் வைத்திருக்கிறேன். சம்பந்தி சௌக்கத் அலி, மாப்பிள்ளை, நான், நீ. நாலு கை, ஒரே தட்டு. வராமல் போனால் உன்னை வம்சத்திலிருந்து தள்ளிவைப்பேன்.

மாமு கலீலுல்லா

~

கிண்டி
23-5-1957

மாமு அவர்களுக்கு ஸலாம்.

கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் சரி.

பாதுஷாவின் பாட்டில் என் மேசைக்குத்தான் வந்தது. இந்தக் குறும்பை மெட்ராசில் வேறு யார் செய்வார்? கருவுள்ள கோழி முட்டைக்குள் அதைச் செலுத்தி வைத்தோம். இன்று காலை அந்த முட்டை நீரைக் கோழி ரத்தத்தோடு கலந்தேன். கிருமி இல்லாவிட்டால் ரத்தம் அடியில் பொட்டுப்போலப் படியும். இது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வலைபோல விரிந்துவிட்டது. உங்கள் தொண்டையில் கிருமி இருக்கிறது.

அது நீங்கள் நினைக்கிற புழு அல்ல. அதற்கு வாயில்லை, வயிறில்லை. வெளியே ஓர் உறை, உள்ளே ஆர்.என்.ஏ. என்று ஒரு சரடு. அவ்வளவுதான். தனியாகக் கிடந்தால் அதற்குக் குட்டி போடத் தெரியாது. நம் தொண்டையின் உயிரணு ஒன்றின் வாசலில் போய் ஒட்டிக்கொள்ளும். வேண்டிய விருந்தாளி என்று உயிரணு அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் சரடு வீட்டையே பிடித்துக்கொள்கிறது: உன் சமையலை நிறுத்து, எனக்கு ஆக்கு! அந்த வீட்டு அடுப்பில், அந்த வீட்டு அரிசியில், அதே மாதிரி ஆயிரம் தயாராகின்றன. பிறகு ஒட்டை அறுத்துக்கொண்டு கிளம்பி அடுத்த வாசலில் போய் நிற்கின்றன. அந்த வீடு பாழ். எப்படி நகல் எடுக்கிறது என்பது எங்கள் டாக்டருக்கே இன்னும் முழுக்கப் பிடிபடவில்லை.

இருமலில் பறக்கும். எச்சில் கையோடும் போகும். ஆகையால் சஹனில் உட்காராதீர்கள். தள்ளி உட்கார்ந்து தனித் தட்டில் சாப்பிடுங்கள். மாப்பிள்ளை கப்பல் ஏறுகிறவர், நினைவிருக்கட்டும். நீங்கள் யார் சொல்லியும் கேட்டதில்லை என்பதால் சம்பந்திக்கும் எழுதிவிட்டேன்.

ஹபீபுல்லா

~

ராயபுரம்
24-5-1957

துரோகி ஹபீபுல்லாவுக்கு,

உனக்கு ஸலாம் கிடையாது.

நான் புளுகனென்று துறைமுகமே சொல்லும். ஆனால் என் பொய்க்கெல்லாம் உடம்பு உண்டு. என் கேப்டனுக்கு மூக்கு இருந்தது. என் வெங்காயத்துக்குத் தோல் இருந்தது. உன் பொய்க்கு வாயில்லையாம், வயிறில்லையாம், ஆனால் உத்தரவு போடுமாம், பிறத்தியார் அடுப்பில் சமைக்குமாம்! அடேய், என் பட்டத்தை நீயே எடுத்துக்கொள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து சம்பந்தி நேராக என் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா பாய், எங்ககூட ஒரே சஹன்ல குந்தி துன்ன மாட்டியாமே? எங்க கை இன்னா கலீஜா?"

"யாரு சொன்னது?"

"உன் மருமவன் காயிதம் போட்டுகீறான். தனித் தட்டாம்! பொண்ணக் குடுக்கிறவனே தனியா துன்னா, நாளைக்கு உன் பொண்ணு எங்க வூட்ல எந்தத் தட்டுல துன்னும்? பேஜாரு வாணாம் பாய். இஷ்டம் இல்லாங்காட்டி இப்பவே சொல்லிடு."

கதவுக்குப் பின்னால் ஜெரினா கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. கையில் காயாத மருதாணியைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "உங்ககூடதான் குந்துவேன், மொதக் கவளம் என் கையால உங்க வாய்க்கு" என்று சம்பந்திக்கு வாக்குக் கொடுத்த பிறகுதான் அந்த மனுஷன் படி இறங்கினார்.

கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். நீ கல்யாணத்துக்கு வராதே. வந்தாயோ, உன்னை முட்டைக்குள் திணித்து அடைகாக்க விடுவேன்.

கலீலுல்லா

~

கிண்டி
25-5-1957
(ஆள் மூலம்)

மாமு,

புதன்கிழமை உம்மா மருதாணி அரைக்க உங்கள் வீட்டுக்கு வந்தார்களாம். எனக்குத் தெரியாது. நீங்கள் பாதி குடித்து வைத்த கஞ்சியை, வீணாகக் கூடாதென்று குடித்தார்களாம்.

நேற்று முதல் காய்ச்சல். பழைய இழுப்பும் சேர்ந்துகொண்டது. படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே மூச்சு வாங்குகிறார்கள். அந்த நிலையிலும், "அண்ணன்கிட்ட சொல்லாதே, கல்யாண வீடு" என்கிறார்கள்.

நான் சொல்லிவிட்டேன். நாளை யாருக்கு ஊட்டுவீர்களோ, உங்கள் இஷ்டம்.

ஹபீபுல்லா

~

ராயபுரம்
28-5-1957

ஹபீபுல்லாவுக்கு,

இதை உனக்காக எழுதவில்லை. உன் உம்மா அஜீசுன்னிசா பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படி.

தங்கச்சி, இப்படி ஒரு கல்யாணத்தை டில்லியும் கண்டதில்லை. துறைமுகத்துக் கிரேனைக் கொண்டுவந்து பந்தல் வாசலில் நிறுத்தி, அதன் உச்சியில் தனித் தட்டோடு நான் உட்கார்ந்தேன். பிரியாணி தேக்சா தேக்சாவாகச் சங்கிலியில் மேலே வந்தது. கீழேயிருந்து சம்பந்தி, "எறங்குய்யா! வாக்கு குடுத்தியே!" என்று கத்துகிறார். "பாய், கலீஜ் உங்க கை இல்ல, என் தொண்ட!" என்று நான் போட்ட கூச்சலில் எண்ணூரில் உப்பளம் கலங்கிப்போனது. வாக்கை விட முடியுமா? ஒரு கவளத்தை உருட்டி அவர் வாய்க்குக் குறிபார்த்து எறிந்தேன். நடுவழியில் ஒரு பருந்து கவ்வியது. அது இன்றுவரை வேறெதையும் தின்னாமல் நம் வீட்டுக் கூரையில் காத்திருக்கிறது.

போதும், இத்தோடு நிறுத்து. மீதி உனக்கு.

நிக்காஹ் நடந்தது. ஜெரினா போய்விட்டாள். மாப்பிள்ளைக்கு நேற்று வரை காய்ச்சல் இல்லை. சம்பந்தி என் ஸலாமுக்குப் பதில் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜெரினா அந்த வீட்டில் எத்தனை நாள் இதற்காகக் குத்தல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமோ. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவருக்கு எழுதினாய் பார், அதை நான் மன்னிக்கப்போவதில்லை. என் வீட்டுப் படி ஏறாதே. தங்கச்சி மூச்சு எப்படி இருக்கிறதென்று மட்டும் தினமும் ஒரு கார்டு போடு. வேறொரு வரி அதில் இருந்தாலும் கிழித்துவிடுவேன்.

கிரேன் பொய். பருந்து பொய். உன் வாயில்லாப் பிராணியும் எனக்குப் பொய்தான். பந்தலுக்குப் பின்னால், விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்து தனித் தட்டில் தின்றேன். அது மட்டும் நிஜம்.

கலீலுல்லா