மடுல்கெல்லக் கணக்கில் ஒரு பிள்ளை குறைவு

மடுல்கெல்ல
1931 பங்குனி

அன்பு மகன் சின்னமுத்துவுக்கு அப்பன் கறுப்பையா எழுதிக்கொண்டது. அந்த மலாய் நாட்டில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க முருகன் துணை. நாங்களும் இங்கே சுகம் என்றுதான் முதல் வரி எழுதிப் பழக்கம், இந்தத் தடவை கை அப்படி எழுத மாட்டேன் என்கிறது. சுற்றி வளைக்கவில்லை, நீ எங்காவது உட்கார்ந்துகொண்டு படி. உன் மகன் போய்விட்டான். மாசிக் கடைசியில் மார்ச்சளி கண்டது, மருந்துக்காரர் கொடுத்ததையும் கொடுத்தோம், உன் அம்மா துளசிச் சாறும் புகட்டினாள், இரண்டும் கேட்கவில்லை. பெற்றவள் வேலாயி மடியிலேயே அடங்கிவிட்டான். கோயிலுக்குக் கீழே சவுக்கு மரத்தடியில் அடக்கம் செய்தோம். மூக்கு உன் மூக்குதான் மகனே. பால் குடிக்கும்போது அவள் சேலையைப் பெருவிரலில் சுற்றிப் பிடித்துக்கொள்வான், அப்புறம் எடுக்க விடமாட்டான். நீ பார்க்காததால் இதை எழுதுகிறேன்.

நீ பெயர் எழுதி அனுப்பிய கடிதம் அடக்கம் முடிந்த பிறகுதான் வந்தது. கதிர்வேலு. நல்ல பெயர். நான் படித்துக் காட்டியதும் வேலாயி சவுக்கு மரத்தடிக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வந்தாள். உன் அம்மா தடுக்கப் போனாள், நான்தான் விடு சுப்பம்மா என்றேன்.

இதில் இன்னொரு துக்கமும் சேர்ந்துகொண்டது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். மாசியில் இலங்கை முழுக்கக் குடிசனக் கணக்கு எடுத்தார்கள். லயத்து வீட்டுக் கதவிலெல்லாம் தாரால் இலக்கம் போட்டு, தோட்டத்துக்குப் புதிதாக வந்த கிளாக்கர் ஐயா சாயங்காலம் வீடு வீடாக வந்து இன்று ராத்திரி இங்கே இருக்கிறவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதினார். உன் அம்மா உன் பெயரைத்தான் முதலில் சொன்னாள். கடல் தாண்டி இருக்கிறவனை அங்கதாம்மா எழுதுவாங்க என்று சொல்லிவிட்டார். உன் மகனோ அப்போது பெயர் இல்லாத பிள்ளை. முதல் பிள்ளைக்குத் தகப்பன்தான் பெயர் சொல்ல வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம், உனக்கும் நான்தான் சொன்னேன். அதனால் பதினாறாம் நாளும் பெயர் வைக்காமல் உன் கடிதத்துக்காகக் காத்திருந்தோம். பிறப்புப் பதிவில் ஆண் என்று மட்டும் போட்டதே வேலாயிக்குக் குறை. பேரில்லாத பிள்ளைன்னு மறுபடியும் சர்க்கார்ல எழுதிட்டா அதுவே நிலைச்சுப் போயிரும் மாமா, அவங்க பேரு அனுப்பட்டும் என்று சொல்லிவிட்டு, கிளாக்கர் வருகிறார் என்றதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாட்டுப்பட்டிக்குப் போய்விட்டாள். எங்களுக்கும் அது சரி என்றே பட்டது. அவளோடு சேர்த்து மூன்று பேர் என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

இப்போது அவளுக்கு அது ஒன்றே நெஞ்சில் நிற்கிறது. இருந்தவனை இல்லேன்னு ஒளிச்சது நான்தானே, அதான் இல்லாமலே போயிட்டான் என்கிறாள். சோறு இறங்கவில்லை. பிள்ளையைக் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்க, அவளுக்காகக் கண்டியில் இருக்கிற சர்க்கார் கச்சேரி வரைக்கும் கூட்டிப் போனேன். அங்கிருந்த ஐயா நல்ல மனுசன்தான். புத்தகமெல்லாம் கட்டியாச்சு தங்கச்சி, ஐம்பது லட்சத்துக்கு மேலே சனம், ஒண்ணு குறைஞ்சா யாருக்கும் தெரியாது, அழாதே என்றார். எனக்குத் தெரியுமே ஐயா என்றாள் வேலாயி. நாங்கள் பஸ் ஏறி வந்துவிட்டோம்.

கடை முஹைதீன் நானா மனம் கேளாமல் பத்திரிகை படித்துக் காட்டினார். உலகத்தில் இருநூறு கோடிக்குக் கிட்டச் சனமாம், இந்தியாவில் முப்பது கோடிக்கு மேலேயாம், சீனாவில் அதற்கும் மேலேயாம். எண்ணிப் பார்க்காத தேசங்களும் இருக்கின்றன, அவற்றுக்குக் குத்துமதிப்பாகப் போடுகிறார்களாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கண்ணால் காணாத சனத்துக்குக் கோடி கோடியாக எழுத இடம் இருக்கிறது, மாட்டுப்பட்டியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒருவனுக்கு இல்லை. நானாவிடம் சொல்லவில்லை, அவர் என்ன செய்வார்.

மற்றபடி சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. தேயிலை விலை இறங்கி இங்கே வேலை நாளைக் குறைத்துவிட்டார்கள். உங்கள் பக்கம் ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றுகிறார்கள் என்று கேள்வி. அனுப்பினால் வெட்கப்படாமல் வந்து சேர், உனக்கு இங்கே ஒரு வாய் கஞ்சி எப்போதும் உண்டு. மழையில் நனையாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. தனியாக இருந்து அழாதே, நம் ஊர் ஆட்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர்களோடு இரு.

வேலாயிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. ஏன் ஒளித்தாய் என்று மட்டும் ஒரு வரி எழுதிவிடாதே, மகனே, அதை அவள் தாங்க மாட்டாள். கதிர்வேலு அம்மாவுக்கு என்று ஆரம்பி. அவளை அப்படி யாரும் இன்னும் கூப்பிட்டதில்லை. உங்கள் ஊரிலும் இந்த வருசம் கணக்கெடுக்கிறார்கள் என்று நானா சொன்னார். உன்னை ஒற்றை ஆள் என்று எழுதிக்கொண்டு போவார்கள், எழுதட்டும். போகிற ஐயாவை நிறுத்தி, எனக்கு ஒரு மகன் இருந்தான், பெயர் கதிர்வேலு என்று சொல். அவர் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, வாய் திறந்து சொல்.

முருகன் உன்னைக் காக்க. அம்மாவும் நானும் உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள்.

உன் அப்பன்,
கதிர்வேலுவின் தாத்தா,
கறுப்பையா