டாக்டரம்மா வருவார், கதவைத் திறங்கள்

மாமா,

சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருக்கிறேன். பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போகிறேன்.

கிளினிக்கிலிருந்து செய்தி வந்தது. குளிர்காலக் காய்ச்சல் பரவுகிறதாம். அறுபதைத் தாண்டியவர்கள் உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

"அந்தம்மா என் பொண்ணக் கோட்டை விட்டவங்க மாப்ள, அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று நேற்று சொன்னீர்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பிறகு டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன்.

"அவர் வர வேணாம், நானே நாளைக்கு மத்தியானம் வர்றேன். திட்டணும்னா திட்டட்டும், ஊசி போட்டு முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கறேன்" என்றார்.

போன குளிர்காலத்திலும் இப்படித்தான் வந்தார், யாரும் கூப்பிடாமலே. நெஞ்சுச் சளி முற்றி உங்கள் மகளுக்கு மூச்சு வாங்கியபோது, கிளினிக்கை அப்படியே விட்டுவிட்டு ஆம்புலன்ஸில் கூடவே ஏறினார். பெரிய ஆஸ்பத்திரி வரை அவள் கையை விடவில்லை. நீங்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதை நான் உங்களுக்குச் சொன்னதே இல்லை. அவரும் சொல்லிக்கொள்ள மாட்டார்.

கை தொளதொளவென்று இருக்கும் சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள். இன்று கையில் வலி இருக்கும், பாப்பாவைத் தூக்க வேண்டாம்.

பி.கு: அவர் சாப்பிடாமல்தான் வருவார். மேசையில் இரண்டு பேருக்கு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: அவரைத் திட்டுங்கள், ஊசியை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பாப்பாவுக்கு வீட்டில் பேச ஆள் வேண்டும். எனக்கும்தான்.